கைகாட்டி போர்டும் ஆவுடைநாயகம் வீட்டுப் பட்டாசலும்

வெள்ளிக்கிழமை காலைல பாளையங்கோட்டைல மீன் வாங்கக் கெளம்புன பொம்பளைக, ஆபீசுக்குக் கெளம்புன ஆம்பளைக, ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன சீக்காளி, அவரக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போன மச்சினன், பால் ஊத்திட்டுத் திரும்புன சைக்கிளு, அந்த சைக்கிளத் தொரத்திட்டு வந்த நாயி எல்லாம் போற வழில போகாம நேரா ஆவுடைநாயகம் சாரு வீட்டுப் பட்டாசல்ல வந்து நின்னாவ. பட்டாசல்னா வேற ஒண்ணுமில்ல, வீட்டு முன் ஹாலு. சாரு லுங்கிச் சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து இட்லி தின்னுட்டு இருந்தாரு.

"யாரு நீங்கள்லாம்?"ன்னாரு.

"மார்க்கெட்டுக்குப் போறோம்"னா ஒரு அம்மா.

"இது மார்க்கெட் இல்லியே."

"அது தெரியுது. மீனக் காணும், இட்லில்லா இருக்கு."

ஊரு அதுக்கு மேல ஒண்ணும் அசந்துறல. வேலைக்கு நேரமாவுதுல்லா, நின்னு அசர யாருக்கு ஒழியுது? முன்வாசல் வழியா வெளிய போனவங்க தெருமுனையத் தாண்டுன ஒடனே திரும்பவும் பட்டாசலுக்குள்ளயே வந்து விழுந்தாவ. அப்பொறம் ஒருத்தரு அடுக்களைய எட்டிப் பாத்து, "புறவாசல் இருக்கு வே"ன்னு குரல் குடுக்கவும், சீக்காளி முன்னால, மச்சினன் பின்னால, மத்தவங்க அவங்களுக்குப் பின்னால, சாம்பார் கொதிக்குத அடுப்ப ஒதுங்கி, சாரு பொஞ்சாதி பிரமு அம்மாவுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு, புறவாசல் சந்து வழியா அவங்கவங்க சோலியப் பாக்கப் போயிட்டாவ. நாயி மட்டும் இட்லிக்கு நின்னுச்சு.

இந்தச் சேதி முக்கு ஜெராக்ஸ் கடைல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பிரிண்ட் போட்டுக் குடுத்துட்டு இருந்த ஜெபக்கனி காதுல விழுந்துச்சு. விழுந்ததும் அவ மெஷினோட மூடியத் தொறந்து வச்சுட்டு, அந்தப் பச்ச வெளிச்சம் மூஞ்சில அடிக்க அடிக்க, பல்லு தெரிய சிரிச்சா. சிரிக்காம என்ன செய்வா? ஆவுடைநாயகம் சாரு அவளுக்கு செஞ்சது அப்படி.

சாரு ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி வச்சிருக்காரு. ஜெபக்கனி அங்கதான் வேல பாத்தா. அங்க எழுதுனதுதான் 'தடம்'ங்கிற லைப்ரரி. லைப்ரரின்னா பொஸ்தகம் அடுக்கி வச்ச எடம் இல்ல. ப்ரோக்ராம் எழுதுதவங்க தங்க ப்ரோக்ராமுல எடுத்துச் சொருகிக்கிடுததுக்குன்னு யாரோ முன்கூட்டியே எழுதி வச்ச துண்டு. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஃபைலு எங்க கெடக்கு, எந்தப் பெட்டிக்குள்ள எந்தப் பெட்டி, அங்க போவ வழி எதுன்னு பாத்துச் சொல்லுததுதான் தடத்தோட வேலை. பால் சொசைட்டில இருந்து மினிபஸ் டிக்கெட் மெஷின் வரைக்கும் ஊருல எல்லாரும் அதத்தான் சொருகி வச்சிருந்தாவ.

அந்தத் தடத்துல, சாரு தன் கைப்பட எழுதுன ஒரு வரில, ஒரு கோளாறு இருந்துச்சு. கம்ப்யூட்டருக்குள்ளயும் கைகாட்டி உண்டு. ஃபைலு இருக்கது ஒரு எடம், 'அன்னா அங்க இருக்கு பாரு'ன்னு வெரல நீட்டிட்டு நிக்கது இன்னொரு எடம். கைகாட்டிய எடுத்துப் போடுன்னா அத மட்டும் எடுத்துப் போடணும். தடம் என்ன செஞ்சுதுன்னா, கைகாட்டி நீட்டுன பக்கமே நடந்து போயி, அங்க இருந்தத எல்லாம் வழிச்சுத் தொடச்சுப் போட்டுட்டு, கைகாட்டிய மட்டும் பத்திரமா விட்டுட்டு வந்துச்சு. தென்காசிக்குக் கைகாட்டுத போர்டக் கழத்திட்டு வாலேன்னு ஆளு அனுப்புனா, அவன் தென்காசியவே கழத்திட்டு வந்த மாதிரி.

ஜெபக்கனி இதக் கண்டுபிடிச்சு சாருகிட்ட சொன்னா. சாரு தொண்டையக் கனைச்சு, மூக்குக் கண்ணாடிய மூக்கு நுனிக்குத் தள்ளி, "பேசிக்கலி, ஜெபா, நீ சின்னப் பிள்ள"ன்னாரு. அவருக்கு பேசிக்கலி போடாம தண்ணி கூடக் கேக்கத் தெரியாது. 'பேசிக்கலி, பிரமு, தண்ணி.' சொல்லிட்டு, கோளாறோட அப்படியே ஊருக்கு அனுப்பி வச்சிட்டாரு.

மிக்கேல் அண்ணாச்சி ஸ்டுடியோல அது வெடிச்சுச்சு. ஊருல நடந்த கல்யாணம் பூராத்தையும் படம் புடிச்சவரு அவரு. கரையான் அரிச்ச நெகட்டிவ எல்லாம் ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருந்தாரு. ஒரு நாளு வேண்டாத கைகாட்டிய ஒண்ணு எடுத்துப் போடுன்னு ஒரு பட்டன அமுக்குனாரு. தாலி கட்டுன கையும் போச்சு, மோதிரம் போட்ட வெரலும் போச்சு, மாமியா மொறச்சதும் போச்சு, பந்தில வாய்க்குள்ள லட்டோட அம்புட்ட சித்தப்பாவும் போயிட்டாரு.

ஊரே ஸ்டுடியோ வாசல்ல கூடிட்டு. ஆவுடைநாயகம் சாரு ஜெபக்கனியக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி எல்லாருக்கும் நடுவுல நிறுத்துனாரு. "பேசிக்கலி, கைகாட்டியப் பாத்தா அது காட்டுத எடத்துக்குப் போயி அழிக்குத வரி, அந்த ஒரு வரிதான் தப்பு. அத எழுதுனது இந்தப் பிள்ள. மன்னிப்பு கேளு பிள்ள"ன்னாரு. அவ கேக்கல. மறுநாளே வேலையும் போச்சு.

அதுல இருந்து மீன்காரி பாக்கியத்தாய் அவளுக்குன்னு செவுளு வெளுத்த பழைய சாளை மீனாப் பாத்து எடுத்துப் போட்டா. மினிபஸ் கண்டக்டர் கொம்பையா அவ நிக்க ஸ்டாப்ப மட்டும் வண்டி தாண்டுனப்பொறம் விசில் ஊதுனான். சின்னப் பிள்ளைக தெருவுல ஒரு வெரல நீட்டிக்கிட்டு 'கைகாட்டி ஜெபா, கைகாட்டி ஜெபா'ன்னு பின்னாலயே ஓடுச்சு. அந்த ஒரு வரி என்ன வரின்னு ஊருல பால்குடி மறக்காத பிள்ளைக்கும் மனப்பாடம். ஜெபக்கனி ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லாரோடயும் சேந்து ஜெபம் சொல்லுவா, பெறத்தியார மன்னிக்குத அந்த எடம் வந்ததும் வாயப் பூட்டிக்கிடுவா, ஆமென்னுக்குத்தான் தொறப்பா. அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஆளு, தன் வாயால, ஊரு முன்னால, அந்த வரிய எழுதுனது நாந்தான்னு சொல்லணும்.

இப்ப பட்டாசல் சேதி வந்ததும் ஜெராக்ஸ் கடைய சாத்திட்டுத் தெருவுல எறங்கிட்டா. இது எந்தக் கோளாறுன்னு பாக்கணும்லா. தொழில்காரிக்குக் கை சும்மா இருக்குமா? மார்க்கெட்டப் பாக்க நேரா நடந்தா. முக்குல நீல போர்டு, 'மார்க்கெட்'னு அம்பு போட்டு நிக்கு. அதத் தாண்டுனா, பட்டாசலு. புறவாசல் வழியா வந்து மறுபடியும் கண்ண மூடிக்கிட்டு நடந்தா, பட்டாசலு. பின்பக்கமா நடந்தா, பட்டாசலு; பிரமு அம்மா, "என்ன பிள்ள, முதுகக் காட்டிக்கிட்டு வார?"ன்னு கேட்டா. பொறவு ஒரு சாக்க எடுத்துட்டுப் போயி அந்த போர்ட மூடிட்டு நடந்தா. மார்க்கெட்டு! மீன் நாத்தம் மூக்குல அடிச்சுச்சு. சாக்க உருவிட்டு நடந்தா, பட்டாசலு. போர்டே இல்லாத சந்து வழியா நடந்தா, போவ வேண்டிய எடத்துக்குப் போனா.

அவளுக்கு வெளங்கிட்டு. வீட்டுக்கு வந்து தடத்தோட புதுப் பதிப்பத் தொறந்து பாத்தா, நெனச்ச மாதிரியே இருக்கு. சாரு பழைய தப்ப ஒட்டுப் போடுததுக்காக, கைகாட்டியக் கண்டா அது காட்டுத பக்கம் போவாதன்னு எழுதிருக்காரு. சரி, பின்ன எங்க போவணும்? சோதிச்சுப் பாக்கதுக்குன்னு, பட்டாசல்ல இருக்க தன்னோட சொந்தக் கம்ப்யூட்டருக்கு வழி போட்டிருக்காரு. சோதிச்சு முடிச்சு அந்த வரிய எடுக்கணும். இந்தத் தொழில்ல இருக்கவங்க அத எடுக்க மறக்காம இருந்தாத்தான் அதிசயம். மறந்தவரு அப்படியே அனுப்பிட்டாரு. வெள்ளிக்கிழமை காலைல ஊருல உள்ள கம்ப்யூட்டர்லாம் அப்டேட் ஆச்சு, அதோட சேந்து ஊரும் அப்டேட் ஆயிட்டு.

சாயங்காலம் சாரே போன் போட்டாரு.

"ஏ ஜெபா, நல்லா இருக்கியா பிள்ள?"

"இருக்கேன் சார். நீங்க?"

"அடுக்களைல ஒரு ஆட்டோ நிக்கு."

"பாத்து சார், பக்கத்துல அடுப்பு எரியும்."

"பேசிக்கலி, நான் கைய வச்சுப் பாத்தேன் பிள்ள. அதுக்குப் பொறவு வந்தவங்கள்லாம் மொட்டை மாடில தலகீழா வந்து நிக்காவ. பயந்து போயி பழையபடி ஆக்கிட்டேன். நீ வந்தா ஒரு நிமிசத்துல முடிச்சிருவ."

"ஒரு வரிதான் சார். பாத்துட்டேன்."

"அப்ப வாயேன்!"

"வாரேன். மிக்கேல் அண்ணாச்சி படத்த அழிச்ச வரிய எழுதுனது நாந்தான்னு ஊரு முன்னால சொல்லிருங்க. சொல்லி வாய மூடுததுக்குள்ள வந்து நிக்கேன்."

அந்தப் பக்கம் ஒரு ஆடு கத்துச்சு.

"அது வந்து... பேசிக்கலி, டீம் மிஸ்டேக் பிள்ள அது."

"அப்ப டீமக் கூப்புட்டு ஆட்டோவத் தள்ளச் சொல்லுங்க"ன்னு போன வச்சிட்டா. அன்னைக்குத்தான் அவ ரொம்ப நாளைக்கப்பொறம் ரெண்டாவது தடவ சோறு போட்டுத் தின்னா.

அவ நெனச்சது என்னன்னா, இன்னும் கொஞ்ச நாள்ல சாரு கதறிக்கிட்டு வருவாருன்னு. ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்குல்லா, அது எதையும் கொஞ்ச நாள்ல தனக்கு ஏத்த மாதிரி மடக்கிப் போட்டுக்கிடும். மினிபஸ் பட்டாசல் வாசல்லயே வந்து நிக்கதுனால கொம்பையா, "பட்டாசல் எறங்கு, பட்டாசல் எறங்கு, அடுக்களை போறவங்க முன்னால போ"ன்னு ராகம் போட ஆரம்பிச்சான். பால் சொசைட்டிக்காரங்க கேன ஜன்னலோரம் அடுக்குனாவ. பாக்கியத்தாய் மீன்கூடையத் தூக்கிட்டு மார்க்கெட் வரைக்கும் ஏன் சாவணும்னு புறவாசப்படிலயே உக்காந்துட்டா. மாப்ள வீட்டுக்காரங்க காரு கல்யாண மண்டபத்துக்குன்னு கெளம்பி இங்க வர, பொண்ணு வீட்டுக்காரங்க வேனும் இங்க வர, மேளகாரரும் வந்து சேர, நல்ல நேரம் போயிரும்னு கம்ப்யூட்டர் மேசைக்கு முன்னாலயே தாலி கட்டுனாவ. மறுநாளு சுடுகாட்டுக்குக் கெளம்புன பாடை ஒண்ணு வந்துச்சு. அழுத பொம்பளைக பிரிண்டர்ல சாஞ்சு அழுதாவ. செத்தவரு யாருன்னே தெரியாத சாரு, "பேசிக்கலி, நல்ல மனுசன்"னு துக்கம் கேட்டு, புறவாசல் வரைக்கும் தோள் குடுத்தாரு.

பிரமு அம்மா மொதல்ல, "இந்தச் சந்தைக்குள்ள மனுசி இருப்பாளா"ன்னு பெட்டியக் கட்டிட்டு அம்பாசமுத்திரத்துக்கு, அம்மா வீட்டுக்குக் கெளம்புனா. கோவத்துல முன்வாசல் வழியாப் போனா, போன வேகத்துலயே பட்டாசலுக்குள்ள வந்தா. வந்து பாத்தா, அங்க அம்பாசமுத்திரத்துல இருந்து பாளைக்கு வந்த அவ அம்மாவே பெட்டியோட நிக்கா. அதுக்குப் பொறவு அவ எங்கயும் போவல. ஊருக்கதை பூரா கால் மொளச்சு வீடு தேடி வரும்போது சீரியல் எதுக்குன்னு டிவியத் தூக்கிக் கட்டிலுக்கடில தள்ளிட்டா.

பேச்சுவார்த்த இல்லாத அண்ணந்தம்பி வேற வேற வழில கெளம்பி அங்க முட்டிக்கிட்டு நின்னு, "நல்லாருக்கியா"ன்னு கேட்டுக்கிட்டாவ. பாத்து நாளான சம்பந்தகாரங்க பாத்துக்கிட்டாவ. எல்லாரும் பாத்துக்கிடுததுக்கு எடம் குடுத்த மனுசன் யாரு? ஆவுடைநாயகம். 'ஊரு கூடுத பட்டாசலக் குடுத்த உத்தமரு'ன்னு யாரோ சொல்ல, அது பத்திக்கிட்டு. சாரும் சாரத்த விட்டுட்டு காலைலயே வெள்ள வேட்டி, வெள்ள சட்டையில உக்கார ஆரம்பிச்சாரு. வாரவங்கள வாங்க வாங்கன்னாரு. பிள்ளைக தலைய தடவுனாரு. ஜெபக்கனிக்குத் திரும்பவும் போன் போட்டாரு.

"ஏ பிள்ள, நீ இனிமே மெனக்கெட வேண்டாம். சரி பண்ணவே வேண்டாம். இது கோளாறு இல்லியாம். பேசிக்கலி, இது வசதியாம். ஞாயித்துக்கிழமை எனக்குப் பாராட்டு விழா வச்சிருக்காவ. நீயும் வந்து ஒரு ஓரமா உக்காந்து கேசரி தின்னுட்டுப் போ."

ஜெபக்கனி போனத் தூக்கி மேசைல எறிஞ்சா. தான் கையக் கட்டிக்கிட்டு இருந்ததே அந்த ஆளுக்கு மாலையா விழுந்துட்டே! அன்னைக்கு பூரா அவ ஜெராக்ஸ் மெஷினோட மல்லுக்கட்டுனா. ஒரு பிள்ள யானை படம் கேட்டதுக்கு, கட்டுக் கட்டா யானையா வெளிய தள்ளிக்கிட்டே இருந்தா. கடைசி யானை வெளிய வாரப்ப அவளுக்கு யோசனையும் வந்துட்டு. சிரிச்சா. இந்தத் தடவ பல்லு தெரியாம.

ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குப் பொறவு, இருக்கதுலயே நல்ல பட்டுச்சேலையக் கட்டி, தல நெறைய பிச்சிப்பூ வச்சு, முக்கு போர்டப் பாத்து நிதானமா நடந்தா. அதத் தாண்டுன ஒடனே பட்டாசலு. நெறஞ்சு வழியுது. மைக் செட்டு, பொன்னாடை, கேசரி மணம். கொம்பையாதான் மைக்குல. விசில் இல்லாம அவனுக்குப் பேச வராது, ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவ ஊதிக்கிட்டான்.

"ஏட்டி, நீ எங்க இங்க?"ன்னா புறவாசப்படில இருந்து பாக்கியத்தாய்.

"சாரப் பாராட்ட வந்தேன்க்கா."

"உம் மூஞ்சிக்கு இது வேறயா?"

ஜெபக்கனி கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு போயி, கொம்பையா கைல இருந்து மைக்க வாங்கிட்டா. வாங்கி, தேன தொண்டைல தடவுன மாதிரி ஒரு குரல்ல பேசுனா. "எல்லாருக்கும் வணக்கம். நான் சாருகிட்ட வேல பாத்தவ. நான் ஒண்ணுமே தெரியாதவ. இந்தத் தடத்த நாங்க பத்துப் பேரு எழுதுனோம்னு வெளிய பேசிக்கிடுதாவ. அது பொய்."

சாரு நாற்காலில நிமிந்து உக்காந்தாரு.

"எழுதுனது பூரா சாருதான். நாங்கள்லாம் டீ வாங்கிக் குடுத்தோம். இல்லியா சார்?"

சாரு தொண்டையக் கனைச்சாரு. மூக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துச்சு. "பேசிக்கலி... ஆமா. பிள்ள உள்ளதச் சொல்லுது."

கூட்டம் கை தட்டுச்சு. கொம்பையா விசிலடிச்சான்.

"மொத எழுத்துல இருந்து?"

"மொத எழுத்துல இருந்து!"

"வேற ஒரு கையும் அதுல படல?"

"பட விடுவேனா? ஒவ்வொரு வரியும் நான் பெத்த பிள்ள!" பொன்னாடை தோள்ல இருந்து நழுவுச்சு, தூக்கிப் போட்டுக்கிட்டாரு. கை தட்டுத சத்தத்துல அவரு காலு தரைல நிக்கல.

"அதுலயும் ரொம்பக் கஷ்டமான வரி ஒண்ணு உண்டு சார். பழைய பதிப்புல. கைகாட்டியப் பாத்தா அது காட்டுத எடத்துக்கே நேரா போற வரி. அவ்வளவு அறிவா யாரு எழுத முடியும்னு நான் இன்னைக்கு வரைக்கும் நெனச்சு நெனச்சு..."

"அதா?" சாரு எந்திரிச்சே நின்னுட்டாரு. நெஞ்சத் தட்டுனாரு. "அதுதான் பிள்ள எல்லாத்துலயும் ஒசத்தி! ஒரு வாரம் தூங்காம எழுதுனேன். எங் கையால!"

கை தட்டல் ஒரு பக்கமா ஆரம்பிச்சு பாதிலயே நின்னுட்டு. கொம்பையா வாயில விசிலு இருக்கு, காத்து வரல. ஜெபக்கனி மைக்க மேசைல வச்சா, அது டொக்குன்னு ஒரு சத்தம் போட்டுச்சு.

மிக்கேல் அண்ணாச்சி மெதுவா எந்திரிச்சாரு. "ஆவுடை, இப்ப என்ன சொன்னீரு?"

"பேசிக்கலி..."ன்னாரு சாரு.

"அந்த வரி இந்தப் பிள்ள எழுதுனதுன்னு எங் கடை வாசல்ல வச்சு சொன்னீரே வே. கையப் புடிச்சு நிறுத்தி சொன்னீரே."

சாரு புறவாசலப் பாத்தாரு. பாக்கியத்தாய் மீன்கூடைய மடில இருந்து எறக்கி வாசலுக்குக் குறுக்க வச்சுட்டு, அருவாமனையக் காலுக்கடில சரியா மிதிச்சுக்கிட்டு, "வாங்க சார்"னா. சாரு திரும்பி, பொன்னாடை பறக்க முன்வாசல் வழியா ஓடுனாரு. செருப்பு கூடப் போடல. தெருமுனைல நீல போர்டு நின்னுச்சு. அதத் தாண்டுனாரு. தாண்டுன காலு பட்டாசல்ல வந்து விழுந்துச்சு.

முன்னால மிக்கேல் அண்ணாச்சி நின்னாரு. "எங்கம்மாவும் அப்பாவும் மாலையோட நின்ன படம் ஆவுடை. எங்கப்பா அதுல ஒண்ணுலதான் சிரிச்சிருந்தாரு"ன்னு சொன்னாரு. கேட்டுட்டு சாரு மறுபடியும் ஓடுனாரு. தெருவோட அந்த முனைக்கு ஓடுனாரு, அங்கயும் போர்டு. வந்து விழுந்தா, முன்னால கொம்பையா. "சார், எம் பொஞ்சாதி போயி சேந்துட்டா. அவ மூஞ்சி இருந்தது அந்தப் பெட்டிக்குள்ளதான்"னான், விசில் இல்லாமயே சொன்னான். சாரு ஓடுனாரு. வந்தாரு. முன்னால ஒரு கிழவரு. ஓடுனாரு. வந்தாரு. முன்னால அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. யாரும் கைய ஓங்கல. அடிச்சிருந்தா அவருக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும். வரிசையா நின்னாவ, அவரு வந்து விழ விழ, முன்னால நிக்கவங்க தன் கல்யாணத்தச் சொன்னாவ, என்ன சேல, யாரு தாலி எடுத்துக் குடுத்தா, எந்தப் பிள்ள நடுவுல வந்து நின்னு படத்தக் கெடுத்துச்சு, அது கெட்டுப் போனதே எவ்வளவு நல்லா இருந்துச்சுன்னு எல்லாத்தயும் சொன்னாவ. பிரமு அம்மாவும் அந்த வரிசைல போயி நின்னா. "நம்ம படமும் அதுக்குள்ளதான இருந்துச்சு?"ன்னு கேட்டா. சாரு அவ மூஞ்சியப் பாக்காமயே ஓடுனாரு.

பாக்கியத்தாய் இருந்த எடத்துல இருந்தே, "ஏட்டி ஜெபா, நாளைக்கு உனக்கு நல்ல சீலா மீன் துண்டமா எடுத்துட்டு வாரேன்"னா. குரலு கொழஞ்சுச்சு.

"கொண்டாங்கக்கா. தின்னுக்கிடுதேன். மன்னிக்கதப் பத்தி மட்டும் எங்கிட்ட பேசாதிய."

மிக்கேல் அண்ணாச்சி பக்கத்துல வந்து என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. "அண்ணாச்சி, நீங்க அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்"னா. அவ நாற்காலிய இழுத்துப் போட்டு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து, சேலைத் தலைப்ப இடுப்புல சொருகி, தடத்தத் தொறந்து, அந்த வரியத் தேடி எடுத்து, அழிச்சா. இனி ஒரு பட்டன அமுக்குனா ஊருக்குப் போயி சேந்துரும். போர்டு எங்க காட்டுதோ அங்க வழி போவும்.

அப்பதான் சாரு மறுபடியும் வந்து விழுந்தாரு. பொன்னாடை கால்ல சுத்திருக்கு. மூக்குக் கண்ணாடியக் காணும். மூச்சு வாங்குது. "தாயி"ன்னாரு. பேசிக்கலி கூட வரல. "தாயி, அந்த ஒரு வரிய எடுத்துரு தாயி."

"எடுத்துட்டேன் சார்"னா ஜெபக்கனி. ஒரு வெரல அந்த பட்டன் மேல வச்சிருந்தா, பூ மேல வச்ச மாதிரி. "ஆனா சோதிச்சுப் பாக்காம எப்படி சார் ஊருக்கு அனுப்புதது? ஓடுங்க, பாப்போம்."

சாரு எந்திரிச்சு ஓடுனாரு. வரிசைல அடுத்த ஆளு, கல்யாணமாயி ரொம்ப வருசமான ஒரு புருசனும் பொஞ்சாதியும், சட்டையையும் சேலையையும் சரி பண்ணிக்கிட்டு முன்னால வந்து நின்னாவ. சாரு வந்து விழுந்தாரு.

"இன்னும் சரியாவல போலுக்கே"ன்னா ஜெபக்கனி. வெரலு வச்ச எடத்துலயே இருந்துச்சு, அமுக்கல. "அவங்க சொல்லுதத முழுசா கேட்டுட்டு, இன்னொருக்க ஓடுங்க சார்."